பிள்ளை பெற்ற நிறம்

கீர்த்திகா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு நடந்தது. ஒன்று, அவள் நல்ல நிறம் வந்துவிட்டாள் என்பது. மற்றது, அவளுக்குப் பஞ்சி பிடித்துவிட்டது என்பது. யாழ்ப்பாணத்தில் சோம்பலுக்குப் பஞ்சி என்று பெயர். காய்ச்சல் என்றால் மல்லி அவித்துக் கொடுப்பார்கள். வயிற்றுக்குத்து என்றால் ஓமம் கொடுப்பார்கள். ஒருத்திக்குப் பஞ்சி என்று பெயர் வைத்துவிட்டால் ஏச்சைத் தவிர வேறொன்றும் கொடுக்க மாட்டார்கள்.

நிறமும் பஞ்சியும் ஒரே நோயின் இரண்டு அடையாளம் என்று சொல்ல உடுவிலில் அந்தக் குறிச்சியில் ஒரு நாதி இருக்கவில்லை. படிக்காத சனமா என்றால் அதுவுமில்லை. தடுக்கி விழுந்தால் ஏதோ ஒரு வாத்தியார் வீட்டுப் படலை வாசலில்தான் விழ வேண்டும். கீர்த்திகாவின் புருஷன் வாகீசனே விஞ்ஞான வாத்தியார்தான். செங்குழியம், ஈமோகுளோபின் எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டிப் படிப்பிக்கிறவன். அந்தப் படிப்புப் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டி வீட்டுக்கு வந்ததேயில்லை.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கீர்த்திகாவுக்கு இரத்தம் காணாது, குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைப்பேற்றின்போது நஞ்சுக்கொடி விழச் சுணங்கி, இருந்த இரத்தத்திலும் ஒரு பங்கு போய்விட்டது. வெளியேறும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆஸ்பத்திரித் தாதி இரும்புச்சத்துக் குளிசைப் பொட்டலத்தைக் கையில் தந்து, "அம்மா, உந்தக் குளிசையை விடாமல் போடுங்கோ. தேத்தண்ணி, கோப்பியோடை போடாதையுங்கோ. கீரை, முட்டை, மீன், ஈரல் எல்லாம் நல்லாச் சாப்பிடுங்கோ," என்று சொன்னாள். பக்கத்தில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்ற மாமி ஞானாம்பிகை, ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

தாய் அருகில் இருந்திருந்தால் கீர்த்திகா தாய் வீட்டுக்குத்தான் போயிருப்பாள். தாய் அருமைநாயகி மகனோடு கனடாவில் இருந்தாள். அவளுக்கு ஒவ்வொரு நாளும் கைபேசியில் மகளின் முகம் பார்க்க வேண்டும். பார்த்ததும், "என்ரை பிள்ளை என்ன வடிவாய் வெளுத்து வந்திட்டாள். பிள்ளை பெத்த நிறமெண்டால் இதுதான்," என்று பூரித்துப் போவாள். "அம்மா, எனக்கு ஏலாமக் கிடக்கு," என்று கீர்த்திகா சொன்னால், "மாமி சொல்லுறதைக் கேட்டு நட," என்பாள். கடல் கடந்து போனவளுக்கும் வேறு புத்திமதி இருக்கவில்லை.

மாமி சொன்னது இதுதான். பால் கொடுக்கிற தாய் தின்பதெல்லாம் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். ஆகவே பிள்ளை யதுசன் அழுதால் குற்றவாளியைத் தாயின் சாப்பாட்டுக் கோப்பையில் தேட வேண்டும். ஒருநாள் அவன் வீரிட்டு அழுதான். கீரை மாந்தம் என்று கீரை நின்றது. நெற்றியில் இரண்டு பரு போட்டது. பரு கிளப்பும் கிரந்திச் சாமான் ஒன்றும் கூடாது என்று முட்டையும் மீனும் கத்தரிக்காயும் நின்றன. பயறும் கடலையும் வாய்வு என்று நின்றன. பிறகு ஒருநாள் பிள்ளைக்கு வயிற்றால் போனது. ஞானாம்பிகை குளிசைப் பொட்டலத்தை எடுத்து மணந்து பார்த்தாள்.

"உது சரியான சூடு. தாய்க்கு வெளிக்குக் கறுப்பாய்ப் போகுதெண்டால் பிள்ளைக்கு என்ன செய்யும்? பிள்ளையும் கறுத்துப்போம். இனி உது வேண்டாம் பிள்ளை," என்று சொல்லிப் பொட்டலத்தைப் பழைய பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடினாள்.

கிளினிக்கிலிருந்து குடும்பநல மாது வீட்டுக்கு வந்து, "குளிசை போடுறியளோ?" என்று கேட்டபோது, "ஒழுங்காப் போடுறா," என்று மாமிதான் பதில் சொன்னாள். கீர்த்திகா வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் பிள்ளையை விடத் தன் வயிறு பெரிதாகப் போய்விட்டது என்று பேச்சு வரும். பெற்றவள் ஒருத்திக்கு அதைவிடப் பெரிய வசை இந்த மண்ணில் இல்லை. மாது போகும்போது, "களைப்புக் கிளைப்பு இருந்தாக் கட்டாயம் கிளினிக்குக்கு வாங்கோ," என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

தாய் எதைத் தின்றாலும் பிள்ளை அழுதான், எதைத் தின்னாவிட்டாலும் அழுதான். அழுவது பிள்ளையின் தொழில். அவன் அழ அழக் கீர்த்திகாவின் கோப்பையிலிருந்து ஒவ்வொரு கறியாக எழும்பிப் போனது. கடைசியில் வெள்ளைச் சோறும், மிளகு ரசமும், சுட்ட அப்பளமும், நாளுக்கு மூன்று தரம் கடும் கோப்பியும் மிஞ்சின. அதே மேசையில், அதே பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால், பாரைமீன் குழம்பும் பொரித்த முட்டையும் இருந்தன. அவனுடைய கோப்பையிலிருந்து ஒரு கருவேப்பிலைகூட எழும்பிப் போகவில்லை.

ஞானாம்பிகையைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவள் கெட்டவள் அல்ல. பேரனுக்காக இரவு முழுதும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். மருமகளின் முழுக்குக்கு வேப்பிலையும் நொச்சியும் தானே அவித்து ஊற்றுவாள். அவளும் மூன்று பிள்ளை பெற்று, இதே பத்தியம் இருந்து, இதே போல வெளிறிக் கிடந்து, தன் மாமியிடம் பஞ்சிப் பட்டம் வாங்கியவள்தான். "நாங்களும் உப்பிடித்தான் இருந்தனாங்கள், என்ன செத்தே போனம்?" என்று கேட்பாள். அப்படிக் கிடந்து எழும்பாமலே போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை என்பது அவளுக்குத் தோன்றாது.

நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது கீர்த்திகாவுக்கு அடுப்படியிலிருந்து கிணற்றடி ஒரு மைல்கட்டை தூரமாகிவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. காதுக்குள் வண்டு இரைந்தது. அரிசி வாளியைக் கண்டால் கை தானாகப் போய் ஒரு பிடி பச்சரிசியை அள்ளி வாயில் போட்டது. மாமி கண்டு, "சின்னப்பிள்ளையளே அரிசி தின்னிறது? அதுதான் உன்ரை கலியாணத்தண்டு மழை கொட்டினது," என்று பகிடி பண்ணினாள். கீர்த்திகாவுக்குச் சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

அவளுக்கு இருந்த ஒரே பயம் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்பதுதான். ஒருநாள் காலை வெயில் காட்டுவதற்காக யதுசனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். முருங்கை மரத்தடியில் கண் இருண்டது. விழுவதற்குள் அவளே தொப்பென்று நிலத்தில் குந்தி, பிள்ளையை நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவன் முருங்கைப் பூவைப் பார்த்துக் கையை ஆட்டினான். அன்றிலிருந்து அவள் நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்குவதில்லை. எங்கே பிள்ளையை வாங்கினாலும் அங்கேயே நிலத்தில் இருந்துவிடுவாள்.

"நடுமுற்றத்திலை இருந்து என்ன செய்யிறீர்?" என்று வாகீசன் அன்று கேட்டான்.

"தலை சுத்திச்சுது. இஞ்சருங்கோ, ஒருக்கா டொக்டரிட்டைப் போவமே?"

"பிள்ளை பெத்த எல்லாருக்கும் உது இருக்கிறதுதான். எழும்பி ரெண்டு வேலையைச் செய்தீரெண்டால் பஞ்சி போயிடும். சனிக்கிழமை ரத்ததான முகாம் முடியட்டும், பிறகு பாப்பம்."

அந்த முகாமை என்னவென்று சொல்வது. வாகீசன் ஊர் வாசிகசாலையின் தலைவர். தகப்பன் கந்தப்புவின் ஆண்டு நினைவாக இரத்ததான முகாம் வைப்பது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். ஒருவரின் உதிரம், மூவரின் உயிர் என்று பதாகை அடித்துச் சந்தியில் கட்டியிருந்தார்கள். வீட்டில் ஒருத்தி உதிரம் இல்லாமல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க, வீட்டுக்காரன் ஊருக்கு உதிரம் சேர்த்துக்கொண்டு திரிந்தான். கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும். அவனுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

சனிக்கிழமை விடியவே கீர்த்திகா அடுப்படியில் இருந்தாள். இரத்தம் கொடுக்கிறவர்களுக்கு அவித்த முட்டையும், கடலையும், வாழைப்பழ வாய்ப்பனும், பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டுமாம். அவள் ஒரு பலகைக்கட்டையில் இருந்தபடி முட்டை கோது உரித்தாள். பெரிய சட்டி நிறைய உரித்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டால் ஆர் கேட்பது என்று ஒருகணம் நினைத்தாள். உள்ளே பிள்ளை சிணுங்கினான். முட்டையைச் சட்டியில் வைத்துவிட்டாள்.

வாசிகசாலை மண்டபத்தில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். இரத்த வங்கியிலிருந்து மருத்துவர் பிரதீபா தன் ஆட்களோடு வந்திருந்தார். முதலில் படுத்தது வாகீசன்தான். படம் எடுத்தார்கள். பிறகு இளைஞர்கள் வரிசையில் வந்தார்கள். பத்தரை மணிபோல வந்த பிரதம விருந்தினர், "பெண் பிள்ளையள் ஒருவரையும் காணேல்லையே," என்று குறைப்பட்டார். வாகீசனுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒலிவாங்கியைக் கையில் வாங்கினான்.

"பெண்களுக்கு முன்மாதிரியாக எனது துணைவியார் இப்பொழுது இரத்ததானம் செய்வார் என்பதை மகிழ்ச்சியோடு அறியத் தருகிறேன்."

கீர்த்திகா வாய்ப்பன் தட்டோடு வாசலில் நின்றாள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே அவளுடைய சீதனக் காணியை, சங்கிலியை, பெயரை எடுத்தது போல அவளுடைய இரத்தத்தையும் எடுத்து மேடையில் வைத்துவிட்டான். கைதட்டல் கேட்டது. இரண்டு பேர் தட்டை வாங்கிக்கொண்டார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேசைவரை நடந்து போய், கதிரையில் இருந்தாள்.

"எத்தினை பிள்ளையள் உங்களுக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒண்டு. நாலு மாதம்."

"பால் குடுக்கிறியள் என்ன?"

"ஓம் டொக்டர்."

"அப்ப நீங்கள் ரத்தம் குடுக்கேலாது அம்மா. உங்களை ஆர் இஞ்சை அனுப்பினது?"

எழும்பிப் போகலாம் என்று கீர்த்திகா மேசையில் கையூன்றினாள். மருத்துவர் அந்தக் கையைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். எட்டி அவளுடைய கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு, "இருங்கோ. எதுக்கும் விரலைத் தாங்கோ," என்றார்.

மேசையில் ஒரு சின்னக் குவளையில் நீலக் கரைசல் இருந்தது. காலையிலிருந்து ஒவ்வொருவருடைய விரலிலும் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை அதற்குள் விட்டுப் பார்த்தபின்தான் கட்டிலுக்கு அனுப்பினார்கள். இரும்பு போதுமான இரத்தம் என்றால் சொட்டு அடிக்குத் தாழும். காணாத இரத்தம் மிதக்கும். வரிசையில் நின்ற பொடியள் தங்கள் சொட்டு தாழ்வதைப் பார்த்து ஆளையாள் தட்டிக்கொண்டிருந்தார்கள். கீர்த்திகாவின் விரலை அமத்தி அமத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். அது கரைசலின் மேலேயே நின்றது.

"கரைசல் பழசாயிருக்கும் டொக்டர்," என்று வாகீசன் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"உங்கடை ரத்தமும் இதுக்கைதானே தாழ்ந்தது, சேர்," என்றார் மருத்துவர்.

பின்னால் நின்ற ஞானாம்பிகை பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "அவவுக்கு ஒண்டுமில்லை டொக்டர். பிள்ளை பெத்து நல்ல நிறம் வந்திருக்கிறா, பாருங்கோவன்."

"இது நிறமில்லை அம்மா. உடம்பிலை ரத்தம் இல்லை. அதுதான் வெளிறிக் கிடக்கிறா." மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. கருவியை எடுத்து இன்னொரு சொட்டை அதில் வைத்துப் பார்த்தார். "ஈமோகுளோபின் பன்ரண்டாவது இருக்க வேணும், ஆறும் இல்லை. இந்த ரத்தத்தோடை இவ எப்பிடி நடந்து திரிஞ்சவ எண்டு எனக்கு விளங்கேல்லை. குளிசை தந்திருப்பினமே, போடேல்லையோ?"

ஒலிவாங்கி இன்னும் வாகீசனின் கையில் இருந்தது. கீர்த்திகா ஒருமுறை மாமியைப் பார்த்தாள். ஒருமுறை புருஷனைப் பார்த்தாள். நாலு மாதமாகப் பொத்தி வைத்த வாய் அன்று தானாகத் திறந்தது.

"பிஸ்கற் ரின்னுக்கை கிடக்கு டொக்டர். பிள்ளை கறுத்துப்போமெண்டு போட விடேல்லை. கீரையும் விடேல்லை, மீனும் முட்டையும் விடேல்லை. ஏலாதெண்டு சொன்னன். பஞ்சி எண்டு சொன்னவை."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஒலிவாங்கியை நிறுத்த வாகீசன் மறந்திருந்தான். சந்திவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அன்றே அவளை ஆஸ்பத்திரியில் விட்டார்கள். பலதையும் சோதித்து, இரவே இரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். ஞாயிறு மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் வாகீசன் வந்தான். தொங்கிக்கொண்டிருந்த இரத்தப் பையைப் பார்த்ததும் அவனுடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு கையில் சோற்றுப் பார்சலை வைத்துக்கொண்டு மற்றக் கையால் கைபேசியை எடுத்தான்.

"கீர்த்தி, ஒருவேளை எங்கடை முகாமிலை எடுத்த ரத்தமாயும் இருக்கலாம். ஒரு படம் எடுப்பம். வாசிகசாலை முகநூல் பக்கத்திலை போட்டால் சனத்துக்கு ஒரு விழிப்புணர்வு."

கீர்த்திகா அவனைப் பார்த்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனை இப்படிப் பார்த்ததில்லை.

"உதை உள்ளுக்கை வையுங்கோ. இது ஆற்றை ரத்தமெண்டு எனக்குத் தெரியாது. ஆரோ புண்ணியவான் தந்தது. என்ரை ரத்தம் போனது ஆராலை எண்டு மட்டும் தெரியும்."

அவன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஞானாம்பிகை பேரனோடும் சாப்பாட்டுக் கரியரோடும் வந்து சேர்ந்தாள். பிள்ளையைக் கட்டிலில் தாயின் அருகே கிடத்திவிட்டு, கரியரைத் திறந்து ஒவ்வொரு தட்டாக வைத்தாள். வெள்ளைச் சோறு. மிளகு ரசம். சுட்ட அப்பளம்.

"ராத்திரி முழுக்கப் பிள்ளை ஒரே அழுகை," என்றாள். "புட்டிப்பால் ஒத்துவரேல்லைப் போலை. அதுதான் கறி ஒண்டும் வைக்காமக் கொண்டந்தனான்."

கீர்த்திகா சோற்றைப் பார்த்தாள். நேற்று ஊரே கேட்க நடந்ததெல்லாம் நடந்து, இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிற கைக்கு முன்னால் மறுபடியும் அதே ரசம். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. வாகீசனின் கையிலிருந்த பார்சலிலிருந்து வாசம் வந்தது.

"அது என்ன பார்சல்?"

வாகீசன் பார்சலை மற்றக் கைக்கு மாற்றினான். ஞானாம்பிகைதான் சொன்னாள்.

"ஆட்டீரல் பிரட்டலும் சோறும். நான்தான் வாங்கிச் சாப்பிடச் சொன்னனான். நேற்று ரத்தம் குடுத்த உடம்பெல்லே. ரத்தம் போனால் ஈரல் சாப்பிட வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கையிலிருந்த கரியர் மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரத்தம் போன ஆளுக்கு என்ன குடுக்க வேணுமெண்டு உங்களுக்குத் தெரியும், மாமி," என்றாள் கீர்த்திகா. "எனக்குப் போனதும் ரத்தம்தானே."

"உனக்குப் பிள்ளை..."

"உவருக்கும் அதே பிள்ளைதான்."

அவள் இரத்தம் ஏறாத கையை நீட்டி வாகீசனிடமிருந்து பார்சலை வாங்கினாள். கரியர்த் தட்டுகளை அவன் பக்கம் தள்ளினாள்.

"இரவு முழுக்கப் பிள்ளை அழுதவனாம். நாலு மாதமா அவன் அழேக்கை எல்லாம் நான் ஒவ்வொண்டா விட்டிட்டன். இனி விடுறதுக்கு என்னட்டை ஒண்டுமில்லை. இண்டையிலிருந்து நீங்கள் விடுங்கோ. இருந்து சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

பக்கத்துக் கட்டில்காரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாகீசன் தாயைப் பார்த்தான். தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்து, வெள்ளைச் சோற்றில் ரசத்தை விட்டுப் பிசைந்தான். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. அதையும் கீர்த்திகா பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் இளகவில்லை.

அவள் பார்சலைப் பிரித்து ஈரல் துண்டு ஒன்றை எடுத்து மெதுவாக மென்றாள். பக்கத்தில் யதுசன் சிணுங்கத் தொடங்கி, பிறகு உரத்து அழுதான். ஞானாம்பிகையின் கண் ஒருமுறை பார்சலுக்குப் போனது. கீர்த்திகா அடுத்த துண்டை எடுத்தாள். ஞானாம்பிகை பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வார்ட்டின் வாசல்வரை நடந்தாள்.